கிரிஸ்டல் கண்ணாடி: குடிக்க ஒன்று, பார்க்க ஒன்று

கிரிஸ்டல் கடையில் எல்லாமே மின்னும். மின்ன வேண்டும் என்பதற்காகவே அங்கே சிறு சிறு விளக்குகளை மேலிருந்து குறிபார்த்து வைத்திருப்பார்கள். அதே தம்ளர் வீட்டுக்கு வந்து குழல் விளக்கின் கீழே நிற்கும்போது மங்கலாகத் தெரிந்தால், ஏமாந்துவிட்டோமோ என்று மனம் அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஏமாற்று எதுவும் நடந்திருக்காது. பொருள் அதேதான், வெளிச்சம்தான் வேறு. ஆகவே கிரிஸ்டல் வாங்குகிறவர் பொருளைப் பற்றி மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. அது எங்கே நிற்கப் போகிறது, யார் கழுவப் போகிறார்கள், அதில் என்ன ஊற்றப் போகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் விதி ஒன்றே ஒன்று: வாயில் படுவது ஈயம், அதாவது காரீயம், இல்லாததாக இருக்கட்டும், கண்ணில் மட்டும் படுவது ஈயம் கலந்ததாக இருக்கலாம். கீழே வருவதெல்லாம் இந்த விதியைக் கையாளும் முறைதான்.

ஈயம் எப்படிக் கண்ணாடிக்குள் வந்தது

சாதாரணக் கண்ணாடி என்பது மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றும் உருகிச் சேர்ந்த பொருள். இதில் சுண்ணாம்பின் இடத்தில் காரீய ஆக்ஸைடைச் சேர்த்தால் கண்ணாடியின் குணமே மாறிவிடுகிறது. உருகிய குழம்பு குறைந்த வெப்பத்திலும் இளகி நிற்கும். கைவினைஞருக்கு உருவம் கொடுக்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆறியபின் கண்ணாடி சற்று மென்மையாக இருப்பதால் சாணைச் சக்கரத்தில் பட்டை வெட்டுவதும் எளிது. எடை கூடும். ஒளி உள்ளே நுழையும்போது அதிகமாக வளையும்.

லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் 1674-ல் புதுவகைத் தெளிந்த கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் செய்த பாத்திரங்களில் நாளடைவில் மயிரிழை போன்ற விரிசல்கள் வலையாகப் பரவின. காரீய ஆக்ஸைடின் அளவைக் கூட்டியபின் அந்தக் கோளாறு அடங்கியது. இனி விரிசல் விடாது என்பதற்கு அடையாளமாகப் பாத்திரங்களில் அண்டங்காக்கைத் தலை முத்திரை பதித்தார். அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே வெனிஸின் முரானோ தீவில் ஆஞ்செலோ பரோவியர் ஈயமே இல்லாமல் நிறமற்ற கண்ணாடியைச் செய்திருந்தார். இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவில் பொட்டாஷும் சுண்ணாம்பும் கலந்து, செதுக்குவதற்கு ஏற்ற கெட்டியான கண்ணாடி உருவானது. ஆக, அழகான கண்ணாடிக்கு ஈயம் கட்டாயம் என்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இன்றைக்கு பேரியம், துத்தநாகம், டைட்டேனியம் போன்றவற்றின் ஆக்ஸைடுகள் அந்த வேலையைச் செய்கின்றன. அதே பகுதியின் கார்லோவி வாரி நகரில் லட்விக் மோசர் 1857-ல் தொடங்கிய நிறுவனம் ஈயமில்லாக் கிரிஸ்டலுக்கே பெயர்போனது. "ஈயம் இல்லையென்றால் அசல் கிரிஸ்டல் இல்லை" என்று யாராவது சொன்னால், அவரிடம் விற்க வேண்டிய பழைய சரக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

லேபிளைப் படியுங்கள்

கிரிஸ்டல் என்ற பெயரை எதற்கு வேண்டுமானாலும் வைத்துவிட முடியாதபடி ஐரோப்பாவில் 1969-ல் ஒரு சட்டவிதி வந்தது. அது கண்ணாடியை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் குறைந்தது 30 விழுக்காடு காரீய ஆக்ஸைடு இருக்க வேண்டும், அடர்த்தி 3.00-க்குக் குறையக் கூடாது. இரண்டாம் வகைக்கு 24 விழுக்காடு, அடர்த்தி 2.90. இந்த இரண்டுக்கும் பொன்னிற வட்ட லேபிள். மூன்றாம் வகைக்கு வெள்ளி நிறச் சதுரம், நான்காம் வகைக்கு வெள்ளி நிற முக்கோணம். இவற்றில் துத்தநாகம், பேரியம், காரீயம், பொட்டாசியம் போன்றவற்றின் ஆக்ஸைடுகள் தனித்தோ சேர்ந்தோ குறைந்தது 10 விழுக்காடு இருந்தால் போதும்.

கடைசி வரியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வெள்ளி லேபிள் ஒட்டியிருப்பதால் ஈயம் அறவே இல்லை என்று பொருள் அல்ல, குறைவாக இருக்கலாம் என்றுதான் பொருள். குடிப்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால் லேபிளின் வடிவத்தை நம்பாதீர்கள். "ஈயம் அற்றது" என்று பெட்டியிலோ ரசீதிலோ எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லையென்றால் அலங்காரப் பொருளாக மட்டும் கருதுங்கள்.

அந்த 24 விழுக்காட்டு வகைக்கு ஒளிவிலகல் எண், அதாவது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண், குறைந்தது 1.545. சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.52. இந்தச் சிறு வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது பட்டை வெட்டுத்தான். நன்றாக வெட்டிய ஈயமில்லாக் கண்ணாடி, சோம்பலாக வெட்டிய ஈயக் கண்ணாடியைவிட அழகாக மின்னும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கையில் எடுத்துப் பார்ப்பது

முதலில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு தம்ளர்களில் ஈயம் கலந்தது கனமாக இருக்கும். ஆனால் தடித்த அடிப்பாகம் உள்ள சாதாரணத் தம்ளரும் கனக்கும். ஆகவே எடையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து விளிம்பைப் பக்கவாட்டில், ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். மலிவான கண்ணாடியில் இரும்புக் கலப்பால் மெல்லிய பச்சைச் சாயல் தெரியும். நல்ல கிரிஸ்டலில் நிறமே இருக்காது.

மூன்றாவது, பட்டைகளை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சக்கரத்தில் வெட்டிய பட்டையின் ஓரம் கூர்மையாக, தெளிவாக விரலில் படும். இரண்டு கோடுகள் சந்திக்கும் புள்ளி துல்லியமாக இருக்கும். அச்சில் அழுத்தி வார்த்ததில் ஓரங்கள் வழுக்கலாக, உருண்டையாக இருக்கும். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக அச்சுச் சேர்ந்த கோடு ஒன்று மெலிதாக ஓடும். வார்த்தது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, வெட்டியதன் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். கையால் வெட்டியதில் பட்டைக்குப் பட்டை சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். சுற்றுமுற்றும் எண்ணிப் பார்த்தால் கடைசிப் பட்டை கொஞ்சம் ஒடுங்கி நிற்பதுகூட உண்டு. அதைக் குறையாகச் சொல்லி விலை குறைக்கச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேறுபாடுதான் கையால் வெட்டியதற்குச் சான்று.

சுண்டிப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். காம்புள்ள கோப்பையின் அடித்தட்டைப் பிடித்துக்கொண்டு விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் மெல்லச் சுண்டினால் ஈயக் கண்ணாடி மணிபோல் நெடுநேரம் ஒலிக்கும். கிண்ணப் பகுதியைப் பிடித்துக்கொண்டு சுண்டினால் எந்தக் கண்ணாடியும் ஊமைதான். ஆனால் மெல்லிய சாதாரணக் கண்ணாடிக் கோப்பையும் ஓரளவு இனிமையாகவே ஒலிக்கும், தடித்த கிரிஸ்டல் தம்ளரோ "டக்" என்று நின்றுவிடும். வடிவம் பாதி, பொருள் பாதி. 1761-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கண்ணாடிக் கிண்ணங்களை வரிசையாக ஒரு தண்டில் கோத்து, ஈர விரலால் தொட்டு இசைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். எந்தக் கண்ணாடியும் தன் உருவத்துக்கு ஏற்றபடி பாடும் என்பதை அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். நாம் அதை வைத்து ஈயத்தின் அளவைச் சொல்லிவிட முடியாது.

தராசுச் சோதனை

உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் சமையலறை எலக்ட்ரானிக் தராசு போதும். பழைய குடுவையின் மூடி, காகித எடைக்கல், சிறு கிண்ணம் போன்றவற்றை இப்படிச் சோதிக்கலாம்.

முதலில் பொருளை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பெரிய பிளாஸ்டிக் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பித் தராசின்மேல் வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பொருளை ஒரு நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி இறக்குங்கள். பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது, நூலைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். கிண்ணமாக இருந்தால் உள்ளே காற்று தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம், அந்தப் பொருளின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

270 கிராம் எடையுள்ள மூடியை மூழ்கவிட்டபோது தராசு 90 காட்டினால், அடர்த்தி 3.0. அது ஈயம் நிறைந்த கிரிஸ்டல். 108 காட்டினால் 2.5, அதாவது சாதாரணக் கண்ணாடி அல்லது ஈயமில்லாக் கிரிஸ்டல். அந்த இரண்டையும் இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. ஆனால் நமக்கு முக்கியமான கேள்விக்கு, அதாவது இதில் ஈயம் நிறைய இருக்கிறதா என்பதற்கு, பதில் கிடைத்துவிடுகிறது. உள்ளே மூடப்பட்ட வெற்றிடம் உள்ள பொருளுக்கும் உலோகம் ஒட்டியதற்கும் இது செல்லாது. மூடி கனமான ஈயமாகவும் குடுவை வேறு கண்ணாடியாகவும் இருந்தால், அந்த இரண்டும் பிறவி ஜோடி அல்ல என்பதும் தெரிந்துபோகும்.

ஈயமும் உடம்பும்

இதில் பயமுறுத்தவும் தேவையில்லை, மழுப்பவும் தேவையில்லை. ஈயக் கண்ணாடியைத் தொடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. உள்ளே ஊற்றிய பானத்தில் ஈயம் கரைவதுதான் சங்கதி. எவ்வளவு நேரம் இருக்கிறது, எவ்வளவு புளிப்பானது என்பதைப் பொறுத்துக் கரையும் அளவு கூடும். 1991-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஈயக் கிரிஸ்டல் குடுவைகளில் நான்கு மாதம் வைத்திருந்த போர்ட் ஒயினில் ஈயத்தின் அளவு லிட்டருக்கு 89 மைக்ரோகிராமிலிருந்து 2,000-க்கும் மேலே போயிருந்தது. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எனவே ஈயக் கண்ணாடிக் குடுவையில் எந்தப் பானத்தையும் சேமித்து வைக்காதீர்கள். பழச்சாறு, வினிகர், ஒயின், எலுமிச்சை கலந்தது எதுவானாலும் கூடாது. விருந்தன்று ஊற்றிப் பரிமாறி, முடிந்ததும் காலி செய்து கழுவிவிட்டால் அது வேறு விஷயம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயக் கிரிஸ்டலில் எதையும் குடிக்கக் கொடுக்க வேண்டாம், ஒரு வேளைகூட. பாட்டி விட்டுச்சென்ற பழைய கோப்பைகள் இருந்தால் அவற்றை அலமாரிக்குப் பதவி உயர்வு கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

என்ன வாங்குவது, எத்தனை வாங்குவது

பன்னிரண்டு வகைக் கோப்பைகளும் அடங்கிய பெரிய செட்டுடன் தொடங்காதீர்கள். அதில் பாதி பெட்டியைவிட்டு வெளியே வராது. தண்ணீருக்கும் பழச்சாறுக்கும் பொதுவான ஒரு தம்ளர், விருந்துக்குக் காம்புள்ள கோப்பை ஒரு வகை, மேஜைக்கு ஒரு தண்ணீர்க் குடுவை. குடிப்பதற்கு இவை போதும், மூன்றும் ஈயமில்லாததாக. அலங்காரத்துக்குப் பட்டை வெட்டிய ஒரே ஒரு நல்ல பூச்சாடி அல்லது அகன்ற கிண்ணம். சின்னச் சின்னதாகப் பத்து பொம்மைகள் வாங்கும் காசுக்கு நல்ல பூச்சாடி ஒன்று வாங்கிவிடலாம். பத்துப் பொம்மைகளைத் தூசி துடைக்கும் வேலையும் மிச்சம்.

எண்ணிக்கையில் ஆறு பேர் உட்காரும் மேஜைக்கு எட்டு வாங்குங்கள். இரண்டு உடையும் என்று இன்றைக்கே ஒப்புக்கொண்டால், உடையும் அன்று யாரையும் திட்ட வேண்டியிருக்காது. இன்னொரு வழி, நெடுங்காலமாக நிற்காமல் தயாரிக்கப்படும் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது. பிரான்ஸின் பக்காரா நிறுவனத்தின் ஹார்கோர்ட் வடிவம் 1841-லிருந்து வருகிறது. அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு நிறுவனத்தின் லிஸ்மோர் 1952-ல் வந்தது. இப்படிப்பட்டவற்றில் ஒன்று உடைந்தால் இன்னொன்றை வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கொரு முறை மாறும் புதுமாதிரிகளில் அது நடக்காது. ஆனால் இந்தப் பெயர்பெற்ற வடிவங்களும் ஈயக் கிரிஸ்டலில் வந்தவையே என்பதால் மேலே சொன்ன விதி இவற்றுக்கும் பொருந்தும்.

பழைய பொருள் வாங்குகிறீர்கள் என்றால் உலர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். ஈரமாகவோ எண்ணெய் தடவியோ காட்டினால் உள்ளே படிந்த மங்கல் மறைந்துவிடும். விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டாம், கிழித்துவிடும். ஒரு துண்டுப் பஞ்சை விளிம்பைச் சுற்றி மெல்ல இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லு இருந்தாலும் அந்த இடத்தில் ஓர் இழை மாட்டிக்கொண்டு நிற்கும்.

மேஜையில்

கோப்பைகளின் இடம் தட்டுக்கு வலப்பக்கம் மேலே. தண்ணீர்க் கோப்பை கத்தியின் நுனிக்கு நேராக, மற்றவை அதற்கு வலமாக. எல்லாமே பட்டை வெட்டியதாக இருந்தால் மேஜை கண்ணைப் பறிக்கும், சாப்பாடு தெரியாது. ஒன்று மட்டும் வேலைப்பாடுள்ளதாகவும் மற்றவை வெறுமையாகவும் இருப்பதே எனக்குப் பிடிக்கும். மேஜை விரிப்பும் பூப்போடாததாக இருந்தால்தான் கண்ணாடியின் நிழலும் வெளிச்சமும் துணியில் விழுவது தெரியும்.

கிரிஸ்டலில் கொதிக்கும் பானம் ஊற்றக் கூடாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கோப்பையை வெந்நீரில் காட்டவும் கூடாது. திடீர் வெப்ப மாற்றத்தைக் கண்ணாடி தாங்காது. தடித்த அடிப்பாகம் உள்ளவைதான் முதலில் விரியும், ஏனென்றால் உள்ளே ஒரு வெப்பமும் வெளியே ஒரு வெப்பமுமாக இழுபறி நடப்பது அங்கேதான். கோப்பைகளை மோதி வாழ்த்துச் சொல்வதானால் விளிம்போடு விளிம்பு வேண்டாம், வயிற்றோடு வயிறு மெல்லத் தொடட்டும். ஒலியும் அப்போதுதான் நன்றாக வரும்.

அலங்காரம்: முதலில் வெளிச்சம்

தொடக்கத்தில் சொன்ன குழல் விளக்குப் பிரச்சினைக்கு வருவோம். பட்டை வெட்டிய கண்ணாடி மின்னுவது, சிறிய ஒளிப்புள்ளி ஒன்று ஒவ்வொரு பட்டையிலும் பட்டுத் தெறிப்பதால். வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சீராக வந்தால் எல்லாப் பட்டைகளும் ஒரே அளவு பிரகாசமாகிவிடும், மின்னல் எங்கிருந்து வரும்? ஆகவே பால்நிற உறை போட்ட பெரிய விளக்கைவிட, சிறு எல்இடி ஒன்று மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ விழட்டும். நீங்கள் நடக்கும்போது மின்னல் பட்டைக்குப் பட்டை தாவும். சோதித்துப் பார்க்கக் கைபேசியின் டார்ச் போதும். அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச்சை மேலே, பக்கத்தில், பின்னால் என்று நகர்த்திப் பாருங்கள். எங்கே வைத்தால் கண்ணாடி உயிர்பெறுகிறதோ அங்கே விளக்குக்கு இடம் ஒதுக்குங்கள். விளக்கு வாங்கும் செலவு, இன்னொரு கிரிஸ்டல் வாங்கும் செலவைவிட எப்போதும் குறைவு.

பின்னணி இருண்டதாக, ஒரே நிறமாக இருக்கட்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கண்ணாடி கரைந்துபோகும். பூப்போட்ட திரைக்கு முன்னால் குழம்பிப்போகும்.

ஜன்னலோரம் வைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உருண்டையான கண்ணாடிக் கோளமும் தண்ணீர் நிரம்பிய உருண்டைப் பூச்சாடியும் பூதக்கண்ணாடியின் வேலையைச் செய்யும். நேர் வெயில் பட்டால் ஒளியைக் குவித்துத் திரைச்சீலையையோ மரத்தையோ பற்றவைத்துவிடும். வீட்டில் தீப்பிடித்ததற்கு இது காரணமாக இருந்த சம்பவங்கள் உண்மையிலேயே உண்டு. கோளத்தை வெயில் எட்டாத அலமாரியில் வையுங்கள். வானவில் வேண்டும் என்றால் சரவிளக்கில் தொங்கும் பட்டைத் துண்டு ஒன்றை ஜன்னலில் கட்டுங்கள், அது ஒளியைக் குவிக்காமல் பிரித்து எறியும்.

பூச்சாடியில் பூக்களை நிறுத்த உள்ளே உலோக முள்கட்டையோ கூழாங்கல்லோ போடாதீர்கள், கீறிவிடும். வாய்ப்பகுதியில் ஒளிபுகும் ஒட்டுநாடாவைக் கட்டம் கட்டமாக ஒட்டிக் காம்புகளை அந்தக் கட்டங்களில் செருகினால் நேராக நிற்கும், நாடாவும் வெளியே தெரியாது. தண்ணீரை இரண்டு நாளைக்கொரு முறை மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் நீர்மட்டத்தில் வெள்ளை வளையம் படியும். மெழுகுவர்த்தி என்றால் தகரக் குப்பியில் வருவதை மட்டும் பயன்படுத்துங்கள், அடிவரை எரியவிடாதீர்கள். எந்தச் சாடியானாலும் அடியில் சிறு கம்பளித் துண்டுகள் ஒட்டுங்கள். மேஜையும் பிழைக்கும், சாடியும் பிழைக்கும்.

கழுவுதல்

கிரிஸ்டல் உடைவது பெரும்பாலும் மேஜையில் அல்ல, கழுவும் தொட்டியில். முறை இதுதான்.

குழாயின் வாயை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுங்கள். தொட்டியில் அகன்ற பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்றை வைத்து, அதன் உள்ளே அடியில் தடித்த துண்டு விரியுங்கள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நீருக்குள் இறக்குங்கள். இரண்டு கோப்பைகள் நுரைக்குள் ஒன்றையொன்று பார்க்காமலே மோதிக்கொள்ளும். பட்டைகளுக்குள் இருக்கும் அழுக்குக்கு மென்மையான பல்துலக்கி. அலசும் நீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் நீர்த்துளிக் கறை படியாது. பொன்விளிம்பு உள்ளவற்றுக்கு மட்டும் வினிகர் வேண்டாம்.

துடைப்பதில்தான் அதிகம் பேர் காம்பை முறிக்கிறார்கள். ஒரு கையால் அடித்தட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கிண்ணத்துக்குள் துணியைத் திணித்துத் திருகினால், இரண்டுக்கும் நடுவே மெலிந்து நிற்கும் காம்புதான் அந்தத் திருகலைத் தாங்க வேண்டும். கிண்ணத்தைத் துடைக்கும்போது கிண்ணத்தையே பிடியுங்கள். அடித்தட்டைத் துடைக்கும்போது அடித்தட்டையே பிடியுங்கள். இழை உதிராத மைக்ரோஃபைபர் துணி நல்லது. துவைக்கும்போது அதற்கு மென்மையூட்டும் திரவம் போடாதீர்கள், கண்ணாடியில் படலம் விடும்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் ஈயக் கிரிஸ்டலைப் போடவே கூடாது. சூடும் காரமான சோப்பும் சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடும். ஈயமில்லாதவற்றில் சில, இயந்திரத்தைத் தாங்கும் என்று சொல்லியே விற்கப்படுகின்றன. பெட்டியில் அப்படி எழுதியிருந்தால் போடலாம். ஏற்கெனவே மங்கிப்போன கோப்பை இருந்தால், பஞ்சில் வினிகர் தொட்டு மங்கிய இடத்தில் சில நிமிடம் ஒற்றி வையுங்கள். தெளிந்துவிட்டால் அது வெறும் சுண்ணாம்புப் படிவு. தெளியாவிட்டால் அரிப்பு, அதை எந்த வீட்டு வைத்தியமும் குணமாக்காது.

குறுகிய கழுத்துக் குடுவையின் உள்ளே கை போகாது. வெதுவெதுப்பான நீர், வினிகர், ஒரு கைப்பிடி பச்சரிசி போட்டு மெல்லச் சுழற்றுங்கள். இதற்கென்றே சிறு எஃகுக் குண்டுமணிகளும் கிடைக்கின்றன. மணல் போடாதீர்கள். மூடி இறுகிக்கொண்டால் முறுக்க வேண்டாம். இடுக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓரிரவு விடுங்கள், பிறகு கழுத்தைச் சுற்றி வெதுவெதுப்பான துணியைச் சுற்றுங்கள். கழுத்து சற்று விரிந்து மூடி தானாக இளகும்.

சரவிளக்கு இருப்பவர்கள் மின்சாரத்தை நிறுத்தி, விளக்கு ஆறியபின் இரண்டு கைகளிலும் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையுறையைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனையுங்கள். ஈரக்கையால் துடைத்து உலர்ந்த கையால் ஒற்றினால் முடிந்தது. விளக்கைச் சுழற்றிச் சுழற்றித் துடைக்காமல் நீங்கள் ஏணியை நகர்த்துங்கள். சுழற்றச் சுழற்ற மேலே மாட்டியிருக்கும் திருகு கழன்றுவிடக் கூடும். துண்டுகளைக் கழற்றுவதானால் அதற்குமுன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கி வைப்பது

கோப்பைகளை நிமிர்த்தியே வையுங்கள். தூசி விழும் என்று கவிழ்த்து வைத்தால், மிக மெல்லிய பகுதியான விளிம்பின் தலையில் முழு எடையும் இறங்கும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்காதீர்கள், சிக்கிக்கொண்டால் பிரிப்பது பெரும் பாடு. குடுவையை மூடி போடாமல், உள்ளே முழுவதும் உலர்ந்தபின் வையுங்கள்.

உடைந்தால்

விளிம்பில் சிறு சில்லு என்றால் கண்ணாடி சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாம். விளிம்பு முழுவதையும் சற்றுத் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்துவிடுவார்கள். உயரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முறிந்த காம்பை ஒளிபுகும் பசையால் ஒட்டலாம், ஆனால் ஒட்டியதில் குடிக்க வேண்டாம். அது இனி அலமாரிப் பொருள்.

ஒட்டவே முடியாததைக் கண்ணாடிப் புட்டிகளோடு சேர்த்து மறுசுழற்சித் தொட்டியில் போடாதீர்கள். ஈயக் கண்ணாடி உருகும் வெப்பமும் வேறு, அதிலிருந்து வரும் ஈயம் புதிய புட்டிகளிலும் கலந்துவிடும். துண்டுகளைத் தடித்த தாளில் சுற்றி, மேலே "உடைந்த கண்ணாடி" என்று எழுதித் தனியாகக் குப்பைக்குக் கொடுங்கள்.